எப்பவோ என்றால் எப்போது?

நீங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஜப்பான் மொழிச் சான்றிதழ், ஜெர்மன் சான்றிதழ் என்று கையில் வைத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து இறங்கியிருக்கிறீர்கள். நான் இந்த மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வந்தபோது என்னிடம் இருந்தது வீட்டில் பேசிய தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், பக்கத்து வீட்டில் விளையாடிக் கற்ற கன்னடம், பயந்து பயந்து பேசிய இங்கிலீஷ், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே ஓய்வு பெறும்வரை பிழைத்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். எப்படி உட்கார வேண்டும், எப்படிக் குறிப்பெடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நான் வேறு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளைக்காரர் தொழிற்சாலைக்கு வருகிறார். ஒரு தொழிலாளியிடம் கேட்கிறார், 'இது எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது?' சின்னக் கேள்விதான். தொழிலாளி தலையைச் சொறிந்துகொண்டு, 'அது எப்பவோலேர்ந்து இப்பிடித்தான் சார்' என்கிறார். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது அந்த 'எப்பவோ'வை இங்கிலீஷில் சொல்லுங்கள் பார்க்கலாம்!

தமிழில் எப்பவோ. தெலுங்கில் எப்புடோ. கன்னடத்தில் யாவாகலோ. மூன்றிலும் கடைசியில் ஒரு 'ஓ' உட்கார்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? போன மாதமும் அதற்குள் அடங்கும், பாட்டனார் காலமும் அடங்கும். இங்கிலீஷில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அவர்களிடமும் ஒரு மூட்டை நிறைய இருக்கிறது. கேட்டதையெல்லாம் நான் சேர்த்து வைத்துக்கொள்வேன். எனக்கு அது ஒரு பைத்தியம்.

'ஒன்ஸ் அப்பான் எ டைம்' இருக்கிறதே, அது கதைக்கு மட்டும். நம் ஊரில் கதை சொன்னால் 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்று இடத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். அவர்கள் 'ஒரு காலத்தில்' என்று நேரத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறார்கள். ஏன் அப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, ஆனால் நினைக்க நினைக்கச் சுவாரசியமாக இருக்கிறது. வேலை விஷயத்தில் மட்டும் அதை எடுத்து விடாதீர்கள். நீங்கள் சொல்வது கட்டுக்கதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

'டாங்கீஸ் இயர்ஸ்' என்று ஒன்று. கழுதை வருஷங்கள்! ரொம்ப வருஷம் என்று அர்த்தம். கழுதைக்குக் காது, அதாவது 'இயர்ஸ்', நீளம், அதிலிருந்து வந்தது என்கிறார் ஒருவர். கழுதை நெடுநாள் உயிரோடு இருக்கும், அதனால்தான் என்கிறார் இன்னொருவர். நாமும் 'கழுதை வயசாச்சு, இன்னும் புத்தி வரலையே' என்று திட்டுகிறோம். கடல் தாண்டிப் போனாலும் வயசைச் சொல்லக் கழுதைதான் கிடைத்திருக்கிறது, பாவம். இது நண்பர்களுக்குள் பேசுகிற வார்த்தை. சிரிப்போடு வரும். சிரிக்க முடியாத இடத்தில் சொல்லக் கூடாது.

'ஏன்ஷியன்ட்' என்ற சொல்லை நம் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ராயக்கோட்டையில் தக்காளிக் கூழ் வாங்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம், 'இவர்கள் ஏன்ஷியன்ட் டைம்ஸிலிருந்து தக்காளி போடுகிறார்கள்' என்று ஒரு தம்பி பெருமையாக மொழிபெயர்த்தார். வந்தவர் மலைமேல் இருக்கும் கோட்டையைப் பார்க்கிறார், தக்காளிக் கூடையைப் பார்க்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கல்வெட்டும் இடிந்த மண்டபமும்தான் ஞாபகம் வருகின்றன. 'அப்பா காலத்திலிருந்து' என்று சொன்னால் போதாதா? அதே சொல்லோடு 'ஹிஸ்டரி'யைச் சேர்த்து 'ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி' என்றால் அர்த்தமே வேறு. 'முடிந்துபோன கதை, அதை ஏன் இப்போது கிளறுகிறாய்' என்று அர்த்தம். நேற்றைக்கு நடந்த சண்டையைக்கூட அப்படிச் சொல்லலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். இது நடந்தது கொஞ்ச காலம் முன்... பார்த்தீர்களா, நானே அந்தக் குழியில் விழப் போனேன். கொரோனா அடங்கி, கேன்டீனில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோமே, அந்த வருஷம் நடந்தது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிறவர்கள். பெயர் வேண்டாம். அங்கே தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மெஷினில் வேலை செய்த முத்துலட்சுமி என்ற பெண்ணுக்கு இடது கையில் மோதிர விரல் நுனி போய்விட்டது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள், முப்பது வயதுக்குள் இருக்கும். மெஷினின் வாய்க்குள் கை போகாமல் தடுக்க முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு இருக்க வேண்டும். அதை 'கார்டு' என்பார்கள். அந்த மெஷினில் அது இல்லை. கதவைத் திறந்து மூடுகிற நேரத்தை மிச்சம் பிடிக்க, முத்துலட்சுமியே அதைக் கழற்றிப் போட்டுவிட்டாள் என்று தொழிற்சாலை தன் அறிக்கையில் எழுதிவிட்டது. அது அப்படியே நின்றால் அவளுக்கு வேலை போகும். பாதுகாப்புக் கருவியைக் கழற்றினவள் என்ற பேரோடு இந்தத் தொழிற்பேட்டையில் வேறு எந்த வாசலிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். விரலும் போய், பேரும் போய், அவள் ஊருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

உதிரிபாகம் வாங்குகிற கம்பெனி இங்கிலாந்திலிருந்து ஓர் ஆடிட்டரை (கணக்கு ஆடிட்டர் இல்லை, தொழிற்சாலைப் பாதுகாப்பைச் சரிபார்க்கிறவர்) விசாரிக்க அனுப்பியது. என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். பெங்களூரு ஓட்டலிலிருந்து அவரை அழைத்துக்கொண்டு ஒரே காரில் ஓசூருக்கு வந்தோம். அறுபது வயசுக்காரர், தொந்தி, மூக்கு நுனி வெயிலில் சிவந்திருந்தது. அத்திப்பள்ளியில் லாரிகள் நகரவே இல்லை. மனிதர் பையைத் துழாவி ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, 'காலைச் சாப்பாடு ஏஜஸ் அகோ' என்றார். ஏஜஸ் அகோ என்றால் யுகங்களுக்கு முன்னால்! நான் பார்க்கத்தானே ஓட்டலில் தோசையை முடித்துவிட்டு வந்தார்? கால் மணி நேரம் ஓசூர் ரோட்டில் நின்றால் தோசை யுகத்துக்கு முன்னால் போய்விடுகிறது. நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஓசூர் மலைக்கோயில் தெரிந்ததும், 'அது எவ்வளவு பழசு?' என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாததை மறைக்க, என் கையில் இருந்ததிலேயே பெரிய வார்த்தையை எடுத்து வீசினேன்: 'டைம் இம்மெமோரியல்.' நினைவுக்கு எட்டாத காலம் என்று அர்த்தம். அவர் பிஸ்கட்டை மென்றுகொண்டே, 'அப்படியா, ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பதுக்கு முன்னாலா?' என்று கேட்டார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர்கள் நாட்டுச் சட்டத்தில் அப்படித்தானாம். அந்த வருஷம் ஒரு ராஜா பட்டத்துக்கு வந்தார். அதற்கு முந்தையது எல்லாம் நினைவுக்கு எட்டாத காலம், அதற்குப் பிந்தையது எல்லாம் நினைவுக்கு எட்டிய காலம் என்று பின்னால் வந்தவர்கள் ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். அவருடைய ஊரில் ஒரு ஒற்றையடிப் பாதைக்காகச் சண்டை வந்தபோதுதான் இது அவருக்கே தெரிந்ததாம். 'எங்கேயாவது ஒரு முளை அடித்துத்தானே ஆக வேண்டும்? இல்லாவிட்டால் சண்டை முடியுமா?' என்றார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். யாராலும் நினைத்துப் பார்க்க முடியாத காலம் என்று பேர் வைத்துவிட்டு, அதற்கும் ஒரு ராஜாவைப் பிடித்து வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. அதற்குள் தொழிற்சாலை வந்துவிட்டது.

விசாரணை நடந்தது ஒரு சின்ன மீட்டிங் அறையில். மேஜையின் ஒரு முனையில் ஆடிட்டர், பக்கத்தில் நான். இன்னொரு முனையில் உற்பத்தி மேலாளர். இந்தத் தொழிற்சாலையிலேயே படிப்படியாக மேலே வந்தவர், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. நடுவில் முத்துலட்சுமி, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. அவளுக்கு எதிரே திம்மராயப்பா என்ற செட்டர். மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கிறவரைச் செட்டர் என்பார்கள். ஜவளகிரிக்காரர், ஓய்வு பெறுகிற வயசு, வீட்டில் தெலுங்கு. இந்த லைனில் அவரைவிடப் பழைய ஆள் யாரும் கிடையாது.

முதலில் முத்துலட்சுமியைக் கேட்டார்கள். 'அக்கா, நா வேலைக்கு வரும்போதே அந்தக் கம்பிவலை கெடையாது. நா எதையும் கழத்தலக்கா. அது எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது' என்றாள். நான் அப்படியே சொன்னேன். மேலாளர் தன் முன்னால் இருந்த அறிக்கையை ஆடிட்டர் பக்கம் மெதுவாகத் தள்ளினார். அதில் கார்டு இருக்கிறது என்று வருஷத் தொடக்கத்தில் டிக் அடித்திருந்தது. அந்த மாதிரி டிக் எப்படி அடிக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆடிட்டருக்கும் தெரிந்திருக்கலாம். ஆனாலும் தாளில் இருப்பது தாளில் இருப்பதுதானே.

அடுத்து திம்மராயப்பா. 'அந்தக் கார்டு எப்போது போனது?'

அவர் மேஜையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மேலாளர் இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. பிறகு என்னிடம் தெலுங்கில், 'எப்புடோ போயிந்தம்மா' என்றார்.

எப்பவோ போய்விட்டது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றால் காலத்தை இழுத்து மேலே போர்த்துவோம். யார் உடைத்தது? அது எப்பவோ உடைஞ்சது. யார் சொன்னது? யாரோ எப்பவோ சொன்னாங்க. இதில் ஒரு மரியாதை இருக்கிறது. கூட வேலை செய்த மனிதனைப் பேர் சொல்லி மாட்டிவிடாத மரியாதை. அதோடு அந்தக் கார்டு பல வருஷமாக இல்லை என்று வெளியே வந்தால் தொழிற்சாலைக்கே ஆர்டர் நின்றுவிடுமோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. அத்தனை பேர் வீட்டு அடுப்பு அதில்தானே எரிகிறது?

என் மனதில் அந்த நேரத்தில் இங்கிலீஷ் வார்த்தைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. டைம் இம்மெமோரியல் என்றால் காரில் நடந்ததை நினைத்து அவர் சிரிப்பார், மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பார். டாங்கீஸ் இயர்ஸ் என்றால், விரல் போன பெண் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அசிங்கம். ஒன்ஸ் அப்பான் எ டைம் என்றால் கதையே கந்தல். நான் ஒன்றும் அலங்காரம் செய்யாமல், 'கடந்த காலத்தில் போய்விட்டது என்கிறார், எப்போது என்று சொல்லவில்லை' என்றேன்.

மேலாளர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 'ஏஜஸ் அகோ என்கிறார். இந்த ஆட்களுக்குக் காலக் கணக்கு கிடையாது. லெகசி விஷயம், மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்' என்று இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே சொன்னார். லெகசி என்றால் முன்னோர் விட்டுப்போன சொத்து. கம்பெனி இங்கிலீஷில், முன்னால் இருந்தவன் விட்டுப்போன தொல்லை. மிஸ்ட்ஸ் ஆஃப் டைம் என்றால் காலத்தின் மூடுபனி. ஜனவரி மாதம் தளி ரோட்டில் காலையில் இறங்குமே, எதிரில் வருகிற பஸ்ஸே தெரியாமல், அந்த மாதிரி. எப்படிப்பட்ட அழகான வார்த்தை, எதற்குப் பயன்படுகிறது பாருங்கள். திம்மராயப்பா தெலுங்கில் போர்த்தியதை அவர் இங்கிலீஷில் இன்னொரு சுற்றுப் போர்த்தினார்.

ஆடிட்டர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். எனக்கு அவர் தாள் தெரிந்தது. 'சில மாதங்கள்?' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். எனக்குத் திக்கென்றது. காலையில் தின்ற தோசை 'ஏஜஸ் அகோ' என்கிற மனிதருக்குக் கார்டு கழற்றினதும் 'ஏஜஸ் அகோ' என்றால், அவர் கணக்கில் எவ்வளவு வரும்? ஆறு மாதம், எட்டு மாதம். அந்த மாதங்களில் அந்த மெஷினில் நின்றது யார்? முத்துலட்சுமி.

அவளுக்கு இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் என் முகம் மாறினதைப் பார்த்துவிட்டாள். 'அக்கா, அவுக என்ன எழுதுதாவ?' என்று மெல்லக் கேட்டாள். 'கொஞ்சம் இரும்மா' என்றேன்.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொன்னதைச் சொல், சொல்லாததைக் கேட்காதே. நல்ல விதிதான், மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை மீறினேன். இன்னொரு முறை அந்த அறைக்குள் போனாலும் மீறுவேன். சொன்னதைத்தான் சொல்ல வேண்டும் என்றால், அவர் சொன்னதன் அளவு எனக்குத் தெரிய வேண்டாமா?

ஆடிட்டரிடம், 'நான் அவரை ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்' என்றேன்.

மேலாளர் உடனே தமிழுக்கு மாறினார். 'மேடம், உங்க வேலை மொழிபெயர்க்கறது மட்டும்தான்.'

'அதைத்தான் சார் செய்யறேன். எப்பன்னு தெரியாம எப்பிடி மொழிபெயர்க்கறது?'

ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கேளுங்கள் என்று கையைக் காட்டினார்.

கேட்பதற்கு அனுமதி வாங்கிவிட்டேன், என்ன கேட்பது என்று தெரியவில்லை! வருஷம் கேட்டால் அவருக்கு ஞாபகம் இருக்காது, இருந்தாலும் சொல்ல மாட்டார். யார் கழற்றினது என்று கேட்டால் வாயைத் தைத்துக்கொள்வார். எந்த சூப்பர்வைசர் காலம் என்று கேட்டாலும் ஓர் ஆளைத்தான் கைகாட்டச் சொல்கிறேன். காரில் கேட்ட அந்த ராஜா ஞாபகம் வந்தார். முளை அடிக்க ஒரு ராஜா வேண்டும், ஆனால் அந்த ராஜா மனிதனாக இருக்கக் கூடாது. எங்கே போவேன்?

அப்போதுதான் திம்மராயப்பாவின் கழுத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறச் சீருடைச் சட்டைக்கு உள்ளே ஒரு நீலக் காலர் எட்டிப் பார்த்தது. ஓசூர்க் குளிருக்கு இங்கே எல்லோரும் செய்கிற காரியம்தான், பழைய சீருடையைத் தூக்கிப் போடாமல் உள்ளே போட்டுக்கொள்வார்கள். கம்பெனி சட்டை நிறம் மாற்றும்போதெல்லாம் உள்சட்டைக்கு ஒன்று கிடைத்துவிடும். தொழிற்சாலைப் பேச்சிலும் அப்படித்தான். 'அவன் நீலச் சட்டையில சேந்தவன்', 'அது காக்கிச் சட்டை காலத்து மெஷின்' என்பார்கள். வருஷத்தை யாரும் சொல்வதில்லை. சட்டைக்கு யாருடைய பேரும் கிடையாது.

தெலுங்கில் கேட்டேன்: 'திம்மராயப்பண்ணா, யாரு எடுத்தாங்கன்னு நான் கேக்கல. அந்தக் கார்டு போனப்ப நீங்க என்ன கலர் சட்டை போட்டிருந்தீங்க?'

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு லேசாகச் சிரித்தது. தன் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மேலாளருக்கும் புரியட்டும் என்றுதானோ என்னவோ, தமிழில் பதில் சொன்னார்.

'இது இல்லம்மா. நீலமும் இல்ல. அதுக்கும் முந்தி, காக்கி. காக்கி குடுத்த கடேசி வருசம். ஆயுத பூஜைக்கு எப்பவும் மாலையைக் கார்டு மேலதான் மாட்டுவோம். அந்த வருசம் மாட்டறதுக்கு எடமில்ல, நேரா மெஷின் தலை மேலயே சுத்திப் போட்டோம். நல்லா ஞாபகம் இருக்குது. கேண்டீன்ல ஃபோட்டோகூட மாட்டியிருக்கறாங்களே.'

நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். காக்கி, பிறகு நீலம், பிறகு சாம்பல். ஆடிட்டர் பேனாவை மறுபடி திறந்தார். முத்துலட்சுமியிடம், 'நீங்கள் சேர்ந்தபோது என்ன நிறச் சட்டை கொடுத்தார்கள்?' என்று கேட்டார்.

'இதேதான். வேற கலரு நா போட்டதே இல்லக்கா' என்று அவள் தன் சாம்பல் சட்டையைக் கட்டுப் போட்ட கையாலேயே பிடித்துக் காட்டினாள்.

'சில மாதங்கள்?' என்று எழுதியதை ஆடிட்டர் அடித்தார். 'அந்தப் புகைப்படத்தைப் போய்ப் பார்க்கலாமா?' என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நானும் எழுந்தேன்.

மேலாளர் எழுந்திருக்கவில்லை.

'வேணாம்' என்றார் தமிழில். 'அந்த ஃபோட்டோவுல பூசணிக்காயைக் கையில வெச்சிக்கிட்டு நடுவுல நிக்கிறது நான்தான். அப்ப நான்தான் அந்த லைன் சூப்பர்வைசர். ஒரு மாசம் டார்கெட் நெருக்குச்சு. ஒவ்வொரு பீஸுக்கும் கதவைத் தொறந்து மூடிக்கிட்டு இருந்தா முடிக்க முடியாது. கழட்டச் சொன்னேன். மாசம் முடிஞ்சதும் திருப்பி மாட்டிடலாம்னுதான் நெனைச்சேன். அடுத்த மாசமும் நெருக்குச்சு. அப்புறம்... எப்பவோன்னு ஆயிருச்சு.'

திம்மராயப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் காப்பாற்றிய ரகசியத்தை உரியவரே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

நான் மேலாளரையே பார்த்தேன். என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர், அவரே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, 'நீங்க சொல்லுங்க மேடம். மொழிபெயர்த்துச் சொல்லுங்க' என்றார். சற்று முன் மூடுபனி, லெகசி என்று சரளமாக வந்த வாய்க்கு, 'நான் கழட்டச் சொன்னேன்' என்கிற சின்ன வாக்கியம் இங்கிலீஷில் வரவில்லை.

நான் சொன்னேன். 'கார்டைக் கழற்றச் சொன்னது நான். அப்போது நான்தான் சூப்பர்வைசர்.' ஏஜஸ் இல்லை, கழுதை இல்லை, மூடுபனி இல்லை. நான் அந்த வேலையில் சொன்னதிலேயே சுலபமான இங்கிலீஷ் அதுதான். அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பு போகப் பார்த்ததே, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே! அதே சமயம் பாவமாகவும் இருந்தது. அந்தப் புகைப்படம் எடுத்த அன்றைக்கு, பூசணிக்காய் உடைக்கும்போது, யாருக்கும் ஒரு காயமும் வரக் கூடாது என்றுதானே வேண்டிக்கொண்டிருப்பார்?

அறிக்கையைத் திருத்தினார்கள். முத்துலட்சுமி மீது எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதி, அவளுக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று ஆடிட்டர் நின்று வாங்கிக் கொடுத்தார். எல்லா மெஷினிலும் கார்டு மாட்டிக் காட்டும்வரை சரக்கு எடுக்க மாட்டோம் என்றது இங்கிலாந்துக் கம்பெனி. மாட்டிக் காட்டினார்கள், எடுத்தார்கள். திம்மராயப்பா பயந்ததுபோல் எதுவும் மூடிப்போகவில்லை. மேலாளருக்கு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. வேறு பிரிவுக்குப் போனார் என்று கேள்வி.

திரும்பிப் போகும்போது காரில் ஆடிட்டர் பிஸ்கட் பொட்டலத்தை மறுபடி பிரித்தார். அத்திப்பள்ளி தாண்டினதும், 'உங்கள் ராஜாக்கள் எங்கள் ராஜாவைவிடப் பரவாயில்லை. நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது' என்றார். நான் மிச்சமிருந்த பிஸ்கட்டை வாங்கித் தின்றேன். காலையில் சாப்பிட்டது எனக்கும் ஏஜஸ் அகோதான்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், நீங்களும் நாளைக்கு அப்படி ஓர் அறையில் உட்காருவீர்கள். எப்பவோ, அந்தக் காலத்துல, ஆதியிலிருந்து, லாங் லாங் அகோ என்று யாராவது சொல்வார்கள். வார்த்தைக்கு வார்த்தை வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம், யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். அந்த அறையில் இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். காலத்தைப் போர்த்தி வைத்தால் யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று. அப்படி இல்லை. யாரோ ஒருத்தர் மாட்டத்தான் செய்வார்கள். கடைசியாக அந்த இடத்தில் நின்றது யாரோ, அவர்கள். அதனால் மரியாதையாகவே ஒரு தடவை கேளுங்கள். எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று கேளுங்கள். ஆளைக் கேட்காதீர்கள், சட்டையைக் கேளுங்கள், திருவிழாவைக் கேளுங்கள், பாலம் கட்டினதைக் கேளுங்கள். நம் ஆட்களுக்குக் காலக் கணக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் என் போனுக்கு ஒரு படம் வந்தது. அதே மெஷின். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. புதிதாக மாட்டிய கம்பிவலைக் கதவின் மேல் சாமந்தி மாலை தொங்குகிறது. பக்கத்தில் சாம்பல் சட்டையில் முத்துலட்சுமி. இந்த மாதிரிப் படங்களில் காயம் பட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். அவள் இடது கையை நன்றாக விரித்து அந்தக் கதவின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கீழே எழுதியிருந்தாள்:

'அக்கா, இனிமே யாராச்சும் எப்பன்னு கேட்டா, இதைக் காட்டுங்க.'